கோழிக்குப் போட்ட கசடு

எழுபதைத் தாண்டிவிட்ட நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் முட்டையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறீர்கள்? கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அதை நிறுத்தி, மறு கையைக் குழாய்போல் குவித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். உள்ளே சிவப்பாக வேர் விட்டிருந்தால் உயிர் பிடித்துவிட்டது என்று பொருள். வெறும் வெளிச்சம் தெரிந்தால் கூமுட்டை. இதை எனக்குக் காட்டித் தந்தவள் என் அக்கா. அவள் இறந்து இன்றோடு ஆறு நாள் ஆகிறது.

மொரப்பூருக்குப் பக்கத்தில், அவளுடைய வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு மூன்று முழ தூரத்தில் ஒரு கூடைக்குள் கோழி அடைகாக்கிறது. இன்று பத்தொன்பதாம் நாள். ஒரு பத்தி எழுதுகிறேன். எழுந்து போய்க் கூடையைப் பார்க்கிறேன். கோழி இறகைச் சிலிர்த்து என்னை விரட்டுகிறது. திரும்பி வந்து எழுதியதில் பாதியை அடிக்கிறேன். ஆய்வக அடுப்பில் வைத்ததைத் திறந்து திறந்து பார்க்காதே என்று மாணவர்களைக் கண்டித்தே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான்.

சொல்ல வந்தது ஒரு கோடைக்காலத்தைப் பற்றி. எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு.

அப்பா பருத்திக்கொட்டை மில்லில் பாய்லர் பார்த்தார். ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த மில் இருந்தது. பஞ்சைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கொட்டை அங்கே சாக்குச் சாக்காக வந்து இறங்கும். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பூம்பஞ்சை ஓர் இயந்திரம் சுரண்டி எடுக்கும்; அது மெத்தை தைப்பவர்களுக்கு. அடுத்தது கொட்டையை உடைத்துத் தோலையும் பருப்பையும் பிரிக்கும்; தோல் அப்பாவின் பாய்லருக்கு. பருப்பு ஆவியில் வெந்து பிரஸ்ஸுக்குள் போகும்; ஒரு பக்கம் கறுஞ்சிவப்பாக எண்ணெய் வழியும், மறுபக்கம் ஓடு ஓடாகப் புண்ணாக்கு விழும். எண்ணெயின் அடியில் தங்கும் மண்டி சோப்புக் காய்ச்சுகிறவர்களுக்கு. புண்ணாக்கு மாட்டுக்கு. பாய்லர்ச் சாம்பல்கூடக் கிடந்து வீணானதில்லை. வயலுக்குப் போனது போக மிச்சத்தில் எங்கள் தெருப் பெண்கள் பாத்திரம் துலக்கினார்கள்.

"பொகையத் தவிர எல்லாத்துக்கும் ஆளு இருக்குது," என்பார் அப்பா. வேலை முடிந்து வரும்போது அவருடைய புருவம், காது மயிர், மீசை எல்லாம் பூம்பஞ்சு படிந்து வெளுத்திருக்கும். முப்பத்தைந்து வயது மனிதரைக் கிழவராகப் பார்த்துப் பழகியிருந்தோம். அந்த முதுமையை அவர் வாழ்ந்து பார்க்கவே இல்லை, நாற்பத்தெட்டில் போய்விட்டார். அது வேறு கதை.

புகையைத் தவிர என்று அவர் சொன்னது முழு உண்மையன்று. ஆளில்லாத பொருள் இன்னொன்றும் இருந்தது. பிரஸ்ஸின் காலடியில் எண்ணெயோடு கசிந்து விழும் மெதுவான கசடு. அதை வழித்து மறுபடியும் பிரஸ்ஸுக்குள் போட்டுவிடுவார்கள். ஆனால் தரையில் சிந்தி மண் ஒட்டியதை எடுத்துப் போட முடியாது. சுரண்டி மூலையில் தள்ளிவிடுவார்கள். இளஞ்சூடாக, கோழிக்குஞ்சின் உடம்பைப் போலக் கைக்கு இதமாக இருக்கும். வறுத்த கடலையின் வாசனைக்குப் பின்னால் இரும்பின் வாசனை ஒன்றும் வரும். இன்றும் கண்ணை மூடினால் அந்த வாசனையை என்னால் வரவழைக்க முடிகிறது. அம்மாவின் குரலை வரவழைக்க முடியவில்லை.

இனி அக்காவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். எந்த வீட்டில் கோழி அடைக்கு நின்றாலும் முட்டையை வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் எங்கள் வீட்டுக் கோழிகளின் முட்டையையே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். வத்தல்மலையிலிருந்து அப்பா ஒரு முறை கொண்டுவந்த கறுப்புக் கோழியின் வழி வந்தவை அவை. அக்கா வலது கையை முழங்கை வரை கழுவுவாள். கூடையில் மணல் பரப்பி, இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு, அதன்மேல் முட்டைகளை ஒவ்வொன்றாக வைப்பாள். ஒற்றைப்படையில்தான் வைப்பாள். பேச மாட்டாள். பதிமூன்று வைத்தால் பதிமூன்றும் பொரிக்கும் என்று ஊர் சொல்லியது. நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆடி விதைப்பில் எங்கள் கொல்லைக்காட்டில் முதல் பிடி விதையையும் அப்பா அவள் கையால்தான் போட வைப்பார். அவளுக்குப் படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டது; பேரழகி என்று யாரும் சொன்னதில்லை. அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த வலது கை.

அந்தச் சொத்தைப் பெருக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.

வீட்டில் ஒரு பசு இருந்தது. பருத்திக்கொட்டையை ஊற வைத்து, அக்கா ஆட்டுக்கல்லில் ஆட்டிக் கொடுப்பாள். கொடுத்த நாளிலிருந்து பால் கூடியது, ஏடு கனத்தது. ஒன்பது வயதில் நான் செய்த முதல் தருக்கம் இது: கொட்டையால் பசுவுக்குப் பால் கூடுகிறது, ஆகவே கோழிக்கு முட்டை கூடும். முட்டை கூடினால் அக்காவை இன்னும் நிறைய வீடுகளில் கூப்பிடுவார்கள். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. அவர் சாப்பிட்டு முடித்ததும் காலித் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பிரஸ் பக்கம் போனேன். பிரஸ் ஓட்டுகிறவர் நகைச்சுவைக்காரர்.

"எதுக்குடா உனக்கு இந்தக் கருமம்?"

"கோழிக்குங்க."

"கோழிக்கா? அட, நல்ல யோசனதான். எண்ணெய் உள்ளயே இருக்குது பாரு. உங்க கோழி முட்டையப் போட்டு, அதுவே பொரிச்சும் குடுத்துடும். ஒங்கம்மாளுக்கு அடுப்பு வேலை மிச்சம்."

அவர் சிரித்துக்கொண்டே போசியில் கசடை அள்ளி அமுக்கி, மூடியைப் போட்டுத் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேட்டுக்காரன் கண்ணுல படாம போ. பட்டுட்டா உங்கப்பன் வேலை போயிடும்."

அது விளையாட்டுப் பேச்சன்று. மில்லிலிருந்து ஒரு துணுக்குப் புண்ணாக்கைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். முந்தைய ஆண்டு ஒருவரை அதற்காக வேலையை விட்டே அனுப்பியிருந்தார்கள். எனவே யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்தேன். யாருக்கும் தெரியாமல் கோழிகளுக்குப் போட்டேன். அவை ஓடிவந்து ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தின்றன. விடுமுறை முழுவதும் இது நடந்தது.

போசியைச் சாம்பல் போட்டுத் துலக்குகிறவள் அக்கா. ஒரு நாள் கேட்டாள்: "ஏன்டா போசி இப்படி மழமழன்னு இருக்குது? எத்தன வாட்டி தேச்சாலும் போவ மாட்டேங்குது."

"மில்லுக் காத்துலயே எண்ணெய் இருக்குதுக்கா."

நம்பினாள். நான் படிக்கிறவன் அல்லவா.

அந்தச் சித்திரையில்தான் அவள் பெரியவளானாள். குடிசை கட்டி உட்கார வைத்து, பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதன் பிறகு அம்மா பெருமையோடு அவளை அனுப்பிய முதல் இடம் கிழக்கு வீட்டு அத்தையின் வீடு. அத்தையின் கோழி அடைக்கு நின்றிருந்தது. எங்கள் வீட்டு முட்டைகள் பதினைந்தை அக்கா கொண்டுபோய் வைத்தாள். அதே வாரத்தில் இன்னும் மூன்று வீடுகளிலும் வைத்தாள். எல்லாம் எங்கள் கோழிகளின் முட்டைகள்.

இருபத்தோராம் நாள் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏன் புள்ள, உன் கைய எங்க கழட்டி வெச்ச?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அக்காவும் சிரித்தாள். பதினைந்தில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மற்ற வீடுகளிலிருந்தும் அடுத்தடுத்த நாள்களில் சேதி வந்தது. ஒரு வீட்டில் இரண்டு. மற்ற இரண்டிலும் எதுவும் இல்லை. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் அம்மா, விருந்தாளிக்கென்று தவிட்டுப் பானையில் சேர்த்து வைத்திருந்த முட்டைகளை எடுத்து உடைத்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாக, அரிசி கழுவிய நீரில் ஒரு துளி ரத்தம் விட்டதுபோல் இருந்தது. மஞ்சள்கரு மஞ்சளாக இல்லை. பாசி படிந்த பச்சையில் கெட்டியாக உருண்டது. அம்மா இன்னொன்றை உடைத்தார். அதுவும் அப்படியே. எல்லாவற்றையும் சாம்பலில் கொட்டி மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவர், கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"இனிமே நீ அதுங்கள தொடாத கண்ணு."

கோபமே இல்லாத குரல். அவள் பெரியவளானதோடு கை போய்விட்டது என்று அம்மா முடிவு செய்துவிட்டார். தெருவும் அப்படித்தான் முடிவு செய்தது. என்ன மாறியது என்று தேடினார்கள். கண்ணெதிரே மாறியிருந்தது அவள் ஒருத்திதான். இப்போது நினைத்தால், கிடைத்த சான்றுகளை வைத்து அவர்கள் மூடத்தனமாகச் சிந்திக்கவில்லை என்றே படுகிறது. சான்றில் ஒன்றை நான் போசிக்குள் மூடி வைத்திருந்தேன்.

நான் சொல்லியிருக்கலாம். அப்பாவின் வேலை போய்விடும் என்ற பயம். அதோடு, கசடுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு உறுதியாகத் தெரியவும் தெரியாது. ஆனால் உள்ளூர அறிந்துதான் இருந்தேன். இல்லையென்றால், அம்மா முட்டையை உடைத்த மறுநாளே நான் கசடு கொண்டுவருவதை ஏன் நிறுத்தினேன்?

சற்று எழுந்து நடந்துவிட்டு வந்தேன். அக்காவின் மகன், வேலைக்குத் திரும்பிப் போயிருக்கும் ஓசூரிலிருந்து தொலைபேசியில் கேட்டான், "மாமா, சாப்டீங்களா?" சாப்பிட்டேன் என்றேன். "கோழி இன்னும் அங்கயேதான் இருக்குதா?" என்றான். காரியம் நடக்கும் வீட்டில் அடைக்கோழி எதற்கு, பக்கத்து வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று அவன் முதல் நாளே சொன்னான். எட்டு நாள்தானே என்று மட்டும் பதில் சொன்னேன். இப்போதும் அதே நினைவில் இருக்கிறான் என்று தெரிகிறது.

ஆடி பிறந்தது. கொல்லைக்காட்டில் கடலை விதைக்கக் கிளம்பினோம். அக்கா வழக்கம்போல வாய்க்காலில் வலது கையைக் கழுவிக்கொண்டு, ஈரக் கையைத் தாவணியில் படாமல் நீட்டியபடி வரப்பில் வந்து நின்றாள். அப்பா விதைக்கூடையை எடுத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

"டேய், நீ போயி ஒரு பிடி போடு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். "போடா, மழை வரப்போவுது," என்றாள் கடைசியில், தானே. நான் போட்டேன். திரும்பி வந்தபோது அவள் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். அது அதற்குள் காய்ந்திருந்தது.

அந்த ஆண்டு நல்ல மழை. கடலை நெருக்கமாக முளைத்தது. கசடு நின்று இரண்டு மாதம் ஆகியிருந்ததால் கோழிகளும் தேறியிருந்தன. அம்மா என்னைக் கொண்டு பதிமூன்று முட்டை அடை வைத்தார், பன்னிரண்டு பொரித்தன. ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அதே கோழி, அதே கூடை, அதே மணல். மாறியது கை மட்டும். கைராசி அக்காவிடமிருந்து தம்பிக்கு வந்துவிட்டது என்றார்கள். விதை போட, கிணற்றுக்கு முதல் மண் வெட்ட, புது அடுப்புப் பற்றவைக்க என்று என்னைக் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம் வெல்லம் கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன்.

"இன்னிக்கு யாரு வூட்லடா?" என்று அக்கா கேட்பாள். பொறாமை இருந்ததா என்று அப்போது நான் கவனிக்கவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்து மூன்றாம் வயதில், எண்ணெய் வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது, நூலகத்தில் ஒரு பழைய ஆய்விதழின் பக்கத்தைப் புரட்டினேன். பருத்திக்கொட்டையின் பருப்பில் கரும்புள்ளிகளாக ஒரு நச்சு இருக்கிறது. பசுவின் இரைப்பை அதைச் சமாளித்துக்கொள்ளும், கோழியால் முடியாது. கொட்டையைத் தின்ற கோழியின் முட்டையில், வைத்திருந்தால், மஞ்சள்கரு பச்சையாகும். அதன் எண்ணெயிலுள்ள வேறொரு பொருளால் வெள்ளைக்கரு சிவக்கும்; கரு வளராமல் சாகும். பக்கத்தின் கீழே உடைத்த முட்டையின் படம் ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான். எனக்கு அதன் நிறம் தெரிந்தது.

அன்று ஊருக்கு ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அப்பா இறந்துவிட்டிருந்தார், மில்லை மூடிவிட்டார்கள், பயப்பட எதுவும் மிச்சமில்லை. அக்காவுக்கு இந்த விஞ்ஞானம் புரியாது என்று சொல்லிக்கொண்டேன். புரியாமல் போக அதில் எதுவும் இல்லை. கோழிக்குக் கசடு போட்டது நான் என்ற ஒரு வரி போதும். அதைச் சொல்வதற்குப் பதிலாக, புண்ணாக்கிலிருந்து அந்த நச்சை நீக்கிக் கோழித் தீவனமாக்குவது எப்படி என்று ஆராய்ந்தேன். பட்டம் வந்தது. வேலை வந்தது. அந்த நச்சு என்னை வாழவைத்தது.

அக்கா தன் திருமணத்திற்குப் பிறகும் எதையும் தொடங்கி வைத்ததில்லை. நல்ல காரியம் எதுவென்றாலும் வலது கை தானாக முந்தானைக்குள் போய்விடும். பார்க்கிறவர்கள் அதைப் பணிவு என்று நினைத்தார்கள்.

இந்தப் பங்குனியில் அவளுக்கு நெஞ்சு சரியில்லை என்று பார்க்க வந்தேன். அவள் மகன் பின்புறத்தில் தென்னங்கன்று நட்டுக்கொண்டிருந்தான். "அம்மா, நீ வெச்சுக் குடு," என்றான். கை முந்தானைக்குள் போயிற்று. "மாமா வெக்கட்டும்டா. அவங்க கைராசிக்காரங்க." என்னை முன்னால் தள்ளினாள். நட்டேன்.

அன்று மாலை, அவள் முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அக்கா, அந்த வருஷம் முட்டை பொரிக்காததுக்குக் காரணம் உன் கையில்ல. நான் மில்லுலருந்து கசடு கொண்டாந்து கோழிக்குப் போட்டேன். அதுல வெஷம் இருக்குது."

அவள் விரல்கள் நிற்கவில்லை. "எந்த வருஷம்?" என்றாள், தெரியாதவள்போல். ஒரு கொத்து முழுவதையும் உருவி முடித்தாள்.

"அப்ப கைராசின்னு ஒண்ணு இல்லவே இல்லியா?"

"இல்லக்கா. நல்ல முட்டையா இருந்தா யாரு வெச்சாலும் பொரிக்கும்."

இதைச் சொன்னபோது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்த பழியை அவள் தோளிலிருந்து இறக்கிவிட்டதாக நினைத்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப அதுக்கு முன்னாடி பொரிச்சதெல்லாம்? அதுவும் என் கை இல்லியா?"

நண்பர்களே, வாய்மொழித் தேர்வுகளில் பலரைத் திணற வைத்தவன் நான். அக்கா ஒரே கேள்வியில் என்னைத் தோற்கடித்தாள். பழியை எடுத்தேன், அதோடு சேர்த்து, பதினான்கு வயதுவரை அவளிடம் இருந்த ஒன்றையும் எடுத்துவிட்டேன்.

"போடா, படிச்சவனே," என்றாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப்பக்கம் அவள் குரல் கேட்டது. "ஏம்மா, உன் வூட்டுக் கோழி அடைக்கு நிக்குதா?" பக்கத்து வீட்டு மருமகள் கோழியும் பதினோரு முட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். கேழ்வரகும் நொய்யும் தின்று வளர்ந்த கோழிகளின் முட்டைகள், நான் விசாரித்தேன். அக்கா முழங்கை வரை கழுவினாள். மணல், இரும்புத் துண்டு, கரி. ஒவ்வொன்றாக வைத்தாள். என்னைப் பக்கத்தில் வர விடவில்லை. அதன் பிறகு தினமும் காலையில் ஒரு முறை வந்து கூடையருகே நிற்பாள். பதிமூன்றாம் நாள் காலையில் அவள் எழவில்லை.

மேலே உள்ளதை எழுதி மூன்று நாள் ஆகிறது. முடித்துவிடுகிறேன்.

இருபத்தோராம் நாள் விடிந்ததும் ஓட்டுக்குள் கொத்தும் சத்தம் கேட்டது. மத்தியானத்திற்குள் ஒன்பது குஞ்சுகள் வந்தன. இரண்டு முட்டைகள் அப்படியே கிடந்தன. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். இன்று காலை அவற்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒன்று வெறும் வெளிச்சம். மற்றதில் பாதி இருட்டு, அசைவில்லை. பதினொன்றுக்கு ஒன்பது என்பது நாட்டுக்கோழிக்கு நல்ல விளைவு. யார் வைத்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். முருங்கை மரத்தடியில் குழி தோண்டி இரண்டையும் புதைத்து, மண்ணை மிதித்துச் சமன் செய்தேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பக்கத்து வீட்டு மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, சத்தம் கேக்குதுங்களே! எத்தன பொரிச்சிதுங்க?"

ஆய்வேட்டில் ஓர் இலக்கத்தையும் நான் என் வாழ்நாளில் மாற்றி எழுதியதில்லை.

"வெச்சது அத்தனையும்மா."

"பதினொண்ணுமா? எங்கூட்ல நான் வெச்சா ஏழு எட்டத் தாண்டாதுங்க. அந்த ஆயாவுக்கு என்னா கைங்க பெரியப்பா!"

"ஆமாம்மா," என்றேன். "அவங்களுக்குச் சின்ன வயசுலருந்தே கைராசி."

குஞ்சுகள் இப்போது தாயின் இறகுக்குள் இருக்கின்றன. யாராலும் எண்ண முடியாது. இரண்டு நாளில் வெளியே மேய இறங்கும்போது பக்கத்து வீட்டு மருமகள் எண்ணிப் பார்ப்பாள். இரண்டு குறையும். இந்தப் பக்கம் பருந்து சுற்றுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பழி அதன்மேல் போகும். அதுவும் எதுவும் சொல்லாது.